கடிதம் எழுதாமல் போனவர்கள்

(தொலைக்காட்சி அரங்கில் 'நான் மறக்காத காதல் நாவல்' என்ற தலைப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வழக்கமாக நான் அந்தப் பக்கம் நிற்பவள். "அடுத்துப் பேச வருகிறார்..." என்று அட்டையைப் பார்த்துச் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்பவள். இன்று என்னையே பேசச் சொல்லிவிட்டார்கள். நான் இலக்கியம் படித்தவள் அல்ல. என் கையில் இருப்பது மாஸ் காம் டிப்ளோமா. கேமராவைப் பார்த்துச் சிரிக்கவும், நேரம் முடிந்ததும் பேச்சாளரை மனம் நோகாமல் நிறுத்தவும் அங்கே சொல்லிக்கொடுத்தார்கள். ஆகவே நீங்கள் கேட்கப்போவது திறனாய்வு அல்ல. ஒரு நாவலைப் படித்துவிட்டு மூன்று நாள் சரியாகத் தூங்காத ஒருத்தியின் பேச்சு. அவ்வளவுதான்.

நான் வந்தியத்தேவனையும் குந்தவையையும் பற்றித்தான் பேசுவேன் என்று இங்கே இரண்டு தோழிகள் பந்தயம் கட்டியிருக்கிறார்கள். இருவருமே தோற்றார்கள்! நான் எடுத்துக்கொண்டது அயர்லாந்து நாட்டுக் கதை. 'பி.எஸ். ஐ லவ் யூ'. எழுதியவர் சிசிலியா அகெர்ன். பி.எஸ். என்றால் பின்குறிப்பு. கடிதம் முடிந்து, கையெழுத்தும் போட்ட பிறகு, "அட, இதைச் சொல்ல மறந்துவிட்டேனே" என்று அடியில் எழுதுவோமே, அது.

இந்த நாவல் 2004இல் வெளிவந்தது. அப்போது நான் இரண்டாம் படிவ மாணவி. அதை எழுதத் தொடங்கியபோது ஆசிரியருக்கு வயது 21. அவருடைய தந்தை பெர்ட்டி அகெர்ன் அந்த நேரத்தில் அயர்லாந்தின் பிரதமர். பிரதமர் மகள் என்பதால் புத்தகம் விற்றது என்று சொன்னவர்களும் உண்டு. இருக்கட்டுமே! அப்பா பிரதமராக இருந்தால் முதல் பக்கத்தைத் திறக்க வைக்கலாம். கடைசிப் பக்கம் வரை கண்ணீரோடு உட்கார வைக்க அப்பாவால் முடியுமா? 2007இல் ஹிலாரி ஸ்வாங்க் நடிக்க ஹாலிவுட்டில் படமாகவும் வந்தது. படத்தில் டப்ளின் நகரத்துக் கதையை நியூயார்க்குக்குக் கொண்டுபோய்விட்டார்கள். படம் பார்த்தவர்கள் தயவுசெய்து நாவலையும் படியுங்கள்.

கதை மிகவும் எளிமையானது. ஹோலி, ஜெர்ரி என்று ஓர் இளம் தம்பதியர். பள்ளிப் பருவத்திலிருந்தே காதல். ஜெர்ரிக்கு மூளையில் கட்டி. இறந்துவிடுகிறான். ஹோலிக்கு இன்னும் 30 வயது நிறையவில்லை. அவளைக் கணவனின் நீலநிற ஸ்வெட்டரை முகத்தில் வைத்து வாசனை பிடிக்கும் பெண்ணாகத்தான் நாம் முதலில் பார்க்கிறோம். சாப்பிடுவதில்லை. வெளியே போவதில்லை. தொலைபேசியை எடுப்பதில்லை.

அந்த நேரத்தில் அவளுடைய அம்மா, "உன் பெயருக்கு ஒரு பொட்டலம் வந்திருக்கிறது" என்று சொல்கிறார். உள்ளே மாதத்திற்கு ஒன்றாக, மார்ச் முதல் டிசம்பர் வரைக்குமான பத்து சின்ன உறைகள். உயிரோடு இருந்த காலத்தில், "நான் இல்லாவிட்டால் நீ எப்படிச் சமாளிப்பாய்? ஒரு பட்டியல் எழுதி வைத்துவிட்டுத்தான் போகவேண்டும்" என்று இருவரும் கேலி பேசிக்கொள்வார்கள். நோயில் படுத்தவன் அந்தக் கேலியை உண்மையாகவே செய்து வைத்துவிட்டான். ஒவ்வொரு மாதமும் ஓர் உறை, ஒரு கட்டளை, அடியில் அந்தப் பின்குறிப்பு.

முதல் கடிதத்தில் என்ன எழுதியிருப்பான் என்று நினைக்கிறீர்கள்? 'அழாதே', 'தைரியமாக இரு', 'மேலே இருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன்'... எதுவுமே இல்லை. படுக்கைக்குப் பக்கத்தில் வைக்க ஒரு விளக்கு வாங்கச் சொல்கிறான்!

ஏனென்றால், தினமும் இரவில் யார் எழுந்துபோய் விளக்கை அணைப்பது என்று அவர்களுக்குள் சண்டை. எழுந்து போகிறவர் இருட்டில் கட்டில் காலில் இடித்துக்கொண்டு திரும்பி வரவேண்டும். இனி சண்டை போட ஆள் இல்லை. அதனால் கால் விரலைக் காப்பாற்றிக்கொள், ஒரு விளக்கு வாங்கிவிடு என்கிறான். செத்துப்போகப் போகிற ஒருவனுக்கு மனைவியின் கால் விரல் நினைவுக்கு வருகிறது பாருங்கள். இதை எழுதும்போது ஆசிரியருக்குத் திருமணமே ஆகவில்லை. எப்படித் தெரிந்ததோ!

பிறகு வரும் கடிதங்களில் ஒன்று பாடுவதற்கு. ஹோலிக்கு மேடையில் பாடுவது என்றாலே நடுக்கம். கராவோக்கேயில் பாடச் சொல்கிறான். இன்னொன்றில் தோழிகளோடு கடற்கரைத் தீவுக்குப் போகப் பயண ஏற்பாடு. ஒன்றில் சூரியகாந்தி விதை. ஒன்று, வேலை தேடச் சொல்கிறது. ஒன்று மட்டும் மிகக் கடினமானது: என் துணிமணிகளை எடுத்துக் கொடுத்துவிடு என்கிறது. கடைசி உறையில், டிசம்பரில், மறுபடியும் காதலிக்கப் பயப்படாதே என்று எழுதியிருக்கிறான்.

இத்தனைக்கும் நடுவே டேனியல் என்று ஒரு நல்ல மனிதர் வருகிறார். அவளைச் சிரிக்க வைக்கிறார். வாசகர் நாம் அடுத்த அத்தியாயத்தில் மேளம் கொட்டிவிடலாம் என்று தயாராகிறோம். ஹோலியோ அவரை நண்பராகத்தான் பார்க்கிறாள். நாவல் கல்யாணத்தில் முடியவில்லை. தோழிகளில் ஒருத்தி கர்ப்பமாக இருக்கிறாள், ஒருத்திக்குக் கல்யாணம் நிச்சயமாகிறது. அவர்களுக்காகச் சந்தோஷப்படவும் முடியாமல், பொறாமைப்படுவதை ஒப்புக்கொள்ளவும் முடியாமல் ஹோலி திணறும் இடங்கள்தான் எனக்கு இந்த நாவலிலேயே நேர்மையான பக்கங்களாகத் தெரிகின்றன. அப்புறம், பேசவே சிரமப்படும் அவளுடைய பெரிய அண்ணன் ரிச்சர்ட் யாருக்கும் சொல்லாமல் வந்து அவள் வீட்டுத் தோட்டத்தைச் சீர்செய்துவிட்டுப் போகிறான். ஆறுதல் சொல்ல வாய் வராதவர்கள் புல்லாவது வெட்டலாம் என்று இருந்தது எனக்கு.

இந்தப் புத்தகம் என் கைக்கு எப்படி வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். என் அண்ணியின் அனுமதியோடுதான் சொல்கிறேன்.

என் அண்ணன் 2015இல் நெடுஞ்சாலையில் மோட்டார் சைக்கிள் விபத்தில் இறந்துபோனார். காலையில் வேலைக்குப் போனவர். வயது 34. அண்ணிக்கு 31. கையில் ஐந்து வயதுப் பெண்பிள்ளை. ஜெர்ரிக்குக் கடிதம் எழுத மாதக்கணக்கில் அவகாசம் கிடைத்தது. என் அண்ணனுக்கு ஒரு நிமிடம்கூடக் கிடைக்கவில்லை. கடைசியாக அவர் அண்ணிக்கு அனுப்பிய குறுஞ்செய்தி, 'கேஸ் தீர்ந்துவிட்டது, கடைக்குப் போன் போடு.' அந்தப் பழைய கைப்பேசியை அண்ணி இன்றுவரை மாற்றாமல் பெட்டியில் வைத்திருக்கிறார்.

16ஆம் நாள் கருமக்கிரியை முடிந்தது. அண்ணி எங்கள் வீட்டிலேயே இருந்தார். நாங்கள் ஒன்றும் கொடுமைக்காரர்கள் இல்லை, நேயர்களே. பொட்டு வைக்கக்கூடாது, வண்ணப் புடவை கட்டக்கூடாது என்று எங்கள் வீட்டில் யாரும் சொல்லவில்லை. "அவ என் மகமாதிரி" என்று அம்மா வந்தவர்களிடமெல்லாம் சொல்வார். அதைக் கேட்கும்போது எனக்குப் பெருமையாக இருக்கும்.

நான்கு வருடம் கழித்து, 2019இல், அண்ணி ஒரு நாள் என்னைத் தனியாக அழைத்தார். வேலையிடத்தில் ஒருவரைப் பழக்கம். நல்லவர். பிள்ளையோடும் பிரியமாக இருக்கிறார். பதிவுத் திருமணம் செய்துகொள்ளப்போகிறோம். "சாட்சிக் கையெழுத்துப் போட ரெண்டு பேரு வேணும். ஒருத்தி நீயா இருக்கணும்னு ஆசைப்படுறேன்" என்றார்.

நம் நாட்டில் முஸ்லிம் அல்லாதவர்களின் திருமணம், 1982 மார்ச் முதல் தேதி நடப்புக்கு வந்த 1976ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் பதிவு செய்யப்படுகிறது. இரண்டு சாட்சிகள் வேண்டும். கணவனை இழந்தவள் மறுமணம் செய்துகொள்வதில் அந்தச் சட்டத்திற்கு எந்த வருத்தமும் இல்லை. வருத்தமெல்லாம் வீட்டில்தான்.

மகமாதிரி என்ற அம்மா, இரண்டு நாள் சாப்பிடவில்லை. அண்ணியைத் திட்டவில்லை. திட்டியிருந்தாலாவது தேவலை. "என் பிள்ளைய மறந்துட்டா" என்று அண்ணன் படத்தைப் பார்த்து ஒரே ஒரு வார்த்தை. உறவினர்களுக்கு வேறு கவலை. அந்த மனிதருக்கு அதுவரை திருமணமே ஆகவில்லை. மனைவியை இழந்தவராக இருந்தால்கூடப் பொருத்தம் என்று விட்டிருப்பார்களாம். கல்யாணம் ஆகாத பையன், பிள்ளை பெற்றவளைப் போய்க் கட்டுவதா? இதில் பையன் என்பவருக்கு வயது 38!

நான் என்ன செய்தேன்? அதைச் சொல்லத்தான் வந்தேன்.

அந்த மாதம்தான் ஒரு மகளிர் நிகழ்ச்சியில் விதவை மறுமணம் பற்றிக் கலந்துரையாடல். நெறியாளர் நான். 1856லேயே பிரிட்டிஷ் இந்தியாவில் மறுமணத்திற்குச் சட்டம் வந்துவிட்டதையும், அ. மாதவையா 1903இலேயே 'முத்துமீனாட்சி' என்ற நாவலில் இளம் விதவை ஒருத்திக்கு மறுவாழ்வு கொடுத்துவிட்டதையும் அட்டையைப் பார்த்துச் சொன்னேன். 'இன்னுமா நாம் தயங்குவது?' என்று கேமராவைப் பார்த்துக் கேட்டேன். பேச்சு நன்றாக இருந்தது என்று தயாரிப்பாளர் கைகொடுத்தார்.

பதிவுத் திருமண நாளன்று அண்ணிக்குக் குறுஞ்செய்தி அனுப்பினேன். 'மன்னிக்கவும் அண்ணி, திடீரென்று பதிவு இருக்கிறது.'

அன்று எனக்கு எந்த ஒளிப்பதிவும் இல்லை. வீட்டில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தேன். 'பரவாயில்லலா, வேலையப் பாரு' என்று பதில் வந்தது. எனக்குப் பதிலாக அண்ணியின் தோழி ஒருவர் கையெழுத்துப் போட்டார்.

ஒரு வாரம் கழித்து அண்ணி வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு லட்டு டப்பா. ஒரு பெரிய பை, அதில் அண்ணனின் சட்டைகள், துவைத்து, இஸ்திரி போட்டு. அதை அம்மாவிடம் கொடுத்தார். என்னிடம் இந்த நாவலைக் கொடுத்தார். மலிவு விற்பனையில் வாங்கியது, எட்டு ரிங்கிட் என்ற ஒட்டுத்தாள் இன்னும் இருக்கிறது. "நேரம் இருந்தா படிச்சுப் பாரு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். நேரம் இருந்தா! அந்த வார்த்தையை அவர் வேண்டுமென்றே சொன்னாரா என்று இன்றுவரை நான் கேட்கவில்லை.

படித்தேன். புத்தகம் முழுவதும் ஒரே ஓர் இடத்தில்தான் பென்சில் கோடு. கடைசிக் கடிதத்தில் இருக்கும், மறுபடியும் காதலி என்று சொல்லும் இடத்தில் இருக்கும் என்று தேடினேன். அங்கே இல்லை. விளக்கு வாங்கச் சொல்லும் இடத்தில் இருந்தது.

எனக்குப் புரிய ஒரு நாள் ஆயிற்று. எங்கள் தாமான் வீட்டில் இரவு இரும்புக் கதவைப் பூட்டுவது அண்ணனின் வேலை. பூட்டிவிட்டு ஒருமுறை ஆட்டிப் பார்ப்பார். அந்தச் சத்தம் கேட்டால்தான் வீடு தூங்கும். அவர் போனபிறகு அண்ணி பூட்டினார். பூட்டிவிட்டுப் படுப்பார், மறுபடியும் எழுந்து வந்து ஆட்டிப் பார்ப்பார். ஒரு மணிக்கு ஒருமுறை, மூன்று மணிக்கு ஒருமுறை. பக்கத்து அறையில் படுத்திருந்த எனக்கு அந்தச் சத்தம் கேட்டிருக்கிறது. நான்கு வருடம் கேட்டிருக்கிறது. எழுந்துபோய், "நீங்க படுங்க அண்ணி, நான் பாத்துக்கிறேன்" என்று ஒரு நாளும் சொன்னதில்லை. சத்தம் தொல்லையாக இருக்கிறதே என்று காதில் தலையணையை வைத்துக்கொண்டவள் நான்.

இப்போது நாவலைப் பற்றி எனக்குள்ள ஒரு குறையைச் சொல்லலாம் என்று நினைக்கிறேன். ஆசிரியர் நமக்கு மிகவும் சுலபமான வழியைக் காட்டிவிட்டார். ஹோலியின் மனத்தடையை உடைக்க, இறந்த கணவனே வந்து அனுமதி கொடுத்துவிடுகிறான். எழுத்து மூலமாக! அதற்குமேல் யார் என்ன பேச முடியும்? ஹோலியின் பெற்றோரும் உடன்பிறப்புகளும் கதை நெடுக வருகிறார்கள். ஜெர்ரி வீட்டாருக்கு அவ்வளவு இடமில்லை. நம் வீடுகளில் கதையே கணவன் வீட்டாரிடமிருந்துதானே தொடங்குகிறது?

நம் சினிமாவும் இந்த அனுமதிச் சீட்டு இல்லாமல் நகர்ந்ததில்லை. 1962இல் ஸ்ரீதர் எடுத்த 'நெஞ்சில் ஓர் ஆலயம்' பார்த்திருப்பீர்கள். மருத்துவமனைப் படுக்கையில் கிடக்கும் கணவன், நான் இறந்தால் நீ அந்த டாக்டரை மணந்துகொள் என்று மனைவியிடம் சொல்கிறான். டாக்டர் அவளுடைய பழைய காதலர். அவ்வளவு துணிச்சலாகச் சொல்ல வைத்த இயக்குநர், கடைசியில் கணவனைப் பிழைக்க வைத்து டாக்டரைச் சாகடித்துவிட்டார். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லவேண்டிய சங்கடம் யாருக்கும் வரவில்லை. 1986இல் 'மௌன ராகம்' வந்தது. காதலனை இழந்த பெண் கணவனை மெல்ல மெல்ல நேசிப்பதை நாம் கொண்டாடினோம். ஏன் கொண்டாட முடிந்தது? முதல்வன் தாலி கட்டியிருக்கவில்லை. கட்டியிருந்தால் அரங்கத்தில் எத்தனை பேர் கைதட்டியிருப்பார்கள் என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

என் அண்ணன் அனுமதி எழுதி வைக்கவில்லை. விபத்தில் போகிறவர்கள், தூக்கத்தில் போகிறவர்கள், மாரடைப்பில் போகிறவர்கள் யாரும் எழுதி வைப்பதில்லை. அந்த உறை வராதா என்று காத்திருந்த அண்ணி, கடைசியில் எங்கள் முகத்தைப் பார்த்திருக்கிறார். அம்மா முகத்தில், என் முகத்தில் ஏதாவது எழுதியிருக்கிறதா என்று. நான் அனுப்பியது, 'திடீரென்று பதிவு இருக்கிறது.'

சிசிலியா அகெர்ன் 15 வருடம் கழித்து, 2019இல், 'போஸ்ட்ஸ்கிரிப்ட்' என்ற பெயரில் இதன் தொடர்ச்சியை எழுதினார். முதல் நாவலைவிட அது எனக்குப் பிடித்திருக்கிறது. ஜெர்ரி இறந்து ஏழு வருடம். ஹோலியின் வாழ்வில் இப்போது கேப்ரியல் என்பவர் இருக்கிறார். தங்கை கேட்டுக்கொண்டதற்காக ஹோலி ஒரு கூட்டத்தில் தன் கதையைப் பேசுகிறாள். பேசிய பிறகுதான் சிக்கல். சாகப்போகும் நோயாளிகள் சிலர் ஒரு சங்கமாகச் சேர்ந்து அவளிடம் வருகிறார்கள், நாங்களும் எங்கள் வீட்டாருக்குக் கடிதம் எழுதி வைக்கவேண்டும், உதவி செய் என்று. அதில் ஜினிக்கா என்று ஒரு சின்னப்பெண், கைக்குழந்தைக்குத் தாய். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. மகளுக்கு ஒரு கடிதம் எழுதுவதற்காகவே ஹோலியிடம் எழுத்துப் படிக்கிறாள். இழப்பை மறந்து முன்னேறிவிட்டேன் என்று நினைத்த ஹோலி மறுபடியும் உள்ளே இழுக்கப்படுவதும், கேப்ரியலுக்கு அது வலிப்பதும்... புதிய அன்பு கிடைத்தவுடன் பழைய துக்கம் வீட்டைக் காலி செய்துகொண்டு போவதில்லை என்பது அந்த நாவலில்தான் எனக்கு விளங்கியது. "என் பிள்ளைய மறந்துட்டா" என்று சொன்ன அம்மாவுக்கு இதைத் தமிழில் வாசித்துக் காட்டலாமா என்றுகூட நினைத்தேன்.

அதற்கு அவசியம் வரவில்லை. சென்ற ஆண்டு அண்ணனின் திதியன்று, யாரும் அழைக்காமலேயே அண்ணியும் அவருடைய கணவரும் வந்தார்கள். பிள்ளையும் வந்தது. சாமி அறையில் அண்ணன் படத்துக்கு மாலை போட நாற்காலியில் ஏறியவர் அந்த மனிதர்தான். எங்கள் வீட்டில் அந்த உயரத்துக்கு எட்டக்கூடிய ஆள் வேறு யாரும் இல்லை. அம்மா பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, "பாத்து இறங்குங்க தம்பி, அந்த நாற்காலி ஆடும்" என்றார். அவரைப் பார்த்து அம்மா பேசிய முதல் வார்த்தை அது. சாப்பிட்டுவிட்டுக் கிளம்பும்போது அண்ணனின் சட்டைகள் இருந்த பையை அம்மா எடுத்துவந்தார். அண்ணி பயந்துவிட்டார். அதிலிருந்து ஒரு நீலச் சட்டையை மட்டும் வைத்துக்கொண்டு, மீதியை ஆசிரமத்துக்குக் கொடுத்துவிடச் சொன்னார் அம்மா. நீலச் சட்டை! ஹோலி வைத்திருந்ததும் நீலம்தான். என் அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது என்பதைத் தாழ்மையுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

தயாரிப்பாளர் எனக்குக் கைகாட்டுகிறார். மற்றவர்களுக்கு நான் காட்டும் அதே கை! முடித்துக்கொள்கிறேன்.

இன்றைய நிகழ்ச்சிக்கு அண்ணியை நேரில் வரச்சொல்லி அழைத்திருந்தேன். முன்வரிசையில் ஓர் இருக்கையும் போட்டு வைத்தேன். அதோ, காலியாக இருக்கிறதே, அதுதான். இன்று மாலை குறுஞ்செய்தி வந்தது. மகளுக்குப் பள்ளியில் ஏதோ ஒத்திகையாம், கூட்டிவரப் போகவேண்டுமாம், வரமுடியாதாம்.

"உண்மையாவா அண்ணி, இல்ல 'பதிவு இருக்கு'ங்கற மாதிரியா?" என்று கேட்டு அனுப்பினேன். வாய்விட்டுச் சிரிக்கும் படம் ஒன்று வந்தது. அதற்குக் கீழே, "உண்மைதான். டிவியில பாக்குறோம், ரெண்டு பேரும்" என்று எழுதியிருந்தார்.